இல்லஸ்ட்ரேட்டரில் வேலை நடக்கும்போதே இறுதி வடிவத்தைப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

புதிதாக டிசைன் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். எல்லா வேலையையும் முடித்துவிட்டு, எஃப் விசையை அழுத்தி முழுத்திரையில் ஒருமுறை பார்ப்பார்கள். அழகாகத் தெரியும். பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள். அச்சகத்தில் பிளேட் (ஒவ்வொரு மைக்குமான அச்சுத் தகடு) போட்டு முதல் தாள் வெளியே வந்த பிறகுதான் தவறைச் சொல்லி ஃபோன் வரும்.

முழுத்திரையில் பார்ப்பதால் பேனல்கள் மறையுமே தவிர, கோளாறு எதுவும் வெளியே வராது. அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ஏழெட்டு வகைப் பிரிவியூ (முன்தோற்றம்) இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வகைக் கோளாறை மட்டும் காட்டும், மற்றதை மறைத்துவிடும். அதனால் எதை எப்போது பார்ப்பது என்ற வரிசை முக்கியம்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: நாட்டு மருந்துக் கடை ஒன்றுக்கு விசிட்டிங் கார்டு, அதே லோகோவில் வாட்ஸ்அப் புரொஃபைல் படம். முதலாவது மையில் அடிப்பது, இரண்டாவது திரையில் தெரிவது. இரண்டையும் பார்க்கும் முறை வேறு வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சகத்திடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். வெட்டிய பிறகு கார்டு என்ன அளவு? ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே கூடுதலாக நீளும் பின்னணி) எவ்வளவு விட வேண்டும்? பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட்டா, பிளேட் இல்லாத டிஜிட்டலா? தாள் பளபளப்பான ஆர்ட் போர்டா, பூச்சு இல்லாததா? இந்தப் பதில்கள் இல்லாமல் பிரிவியூ பார்த்தால், அது எதன் பிரிவியூ என்றே சொல்ல முடியாது.

நம் கார்டு 3.5 × 2 அங்குலம், அதாவது 88.9 × 50.8 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட். புதிய டாக்குமென்ட் திறக்கும்போதே பிரிண்ட் பிரிவில் திறந்து, கலர் மோடு சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) என்று இருக்கிறதா பாருங்கள். வெப் பிரிவில் திறந்தால் திரைக்கான ஆர்ஜிபி ஆகிவிடும். பின்னால் பார்க்கப்போகும் செபரேஷன்ஸ் பிரிவியூ ஆர்ஜிபி டாக்குமென்ட்டில் வேலை செய்யாது.

அடுத்து எஃபெக்ட் மெனுவில் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ். இது 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) இருக்கட்டும். நிழல், மங்கல், ஒளிவட்டம் எல்லாம் பிக்சலாகத்தான் உருவாகின்றன. 72இல் வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் 300க்கு மாற்றினால் சில எஃபெக்ட்களின் தோற்றமே மாறும், அப்புறம் அதுவரை பார்த்த பிரிவியூ எல்லாம் வீண்.

2. திரையை நம்பத்தக்கதாக ஆக்குங்கள்

லேப்டாப்பின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து நிறம் முடிவு செய்யாதீர்கள். தாள் தானாக ஒளிர்வதில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெள்ளைக்கு ஓரளவு ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கலர் மீட்டர் வைத்து அளவிடுவதற்கு இது ஈடாகாது, ஆனால் செலவில்லாமல் பெரும் வித்தியாசத்தைக் குறைக்கும்.

பிறகு பிரிஃபரன்சஸில் அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக் பகுதிக்குப் போங்கள். சாதாரணமாக அது எல்லாக் கறுப்பையும் அடர்கறுப்பாகவே காட்டும்படி இருக்கும். வெறும் கறுப்பு மை 100 சதவீதம் இருக்கும் இடமும், நான்கு மையும் கலந்த கறுப்பும் திரையில் ஒன்றாகவே தெரியும். அச்சில் முதலாவது கொஞ்சம் வெளிறிய கறுப்பு. ஆன் ஸ்கிரீன் என்பதை டிஸ்ப்ளே ஆல் பிளாக்ஸ் அக்யுரேட்லி என்று மாற்றுங்கள். திரை சற்று சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பலருக்கு இது பிடிக்காமல் திருப்பிவிடுவார்கள். விடுங்கள், அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது, உண்மை அளவு. பிரிஃபரன்சஸ், ஜெனரலில் 100 சதவீத ஜூமில் அச்சு அளவைக் காட்டும் தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டு கண்ட்ரோல் + 1 அழுத்தினால் கார்டு தன் நிஜ அளவில் தெரிய வேண்டும். நம்பலாமா என்று பார்க்க 85.6 × 54 மில்லிமீட்டரில் ஒரு செவ்வகம் வரைந்து, உங்கள் ஏடிஎம் கார்டை அதன்மேல் பிடித்துப் பாருங்கள். பொருந்தினால் சரி.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. 400 சதவீத ஜூமிலேயே நாள் முழுக்க வேலை செய்பவர்கள்தான் 5 பாயிண்ட்டில் முகவரி வைக்கிறார்கள்.

3. ஒரே கோப்புக்கு இரண்டு ஜன்னல்

விண்டோ மெனுவில் நியூ விண்டோ. அதே டாக்குமென்ட் இன்னொரு ஜன்னலில் திறக்கும். இது நகல் கோப்பு ஆகாது. ஒன்றில் நகர்த்தினால் மற்றதிலும் நகரும். விண்டோ, அரேஞ்ச், டைல் கொடுத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜூமும் பிரிவியூ முறையும் வைக்கலாம். இடது ஜன்னலில் பெரிதாக்கி வேலை பாருங்கள். வலது ஜன்னல் எப்போதும் உண்மை அளவில், ட்ரிம் வியூவில், ஓவர்பிரிண்ட் பிரிவியூவில் (இவை 5, 7ஆம் படிகளில் வருகின்றன) நிற்கட்டும். ஒவ்வொரு மாற்றமும் இறுதியில் எப்படி விழும் என்பது ஓரக்கண்ணிலேயே தெரிந்துகொண்டிருக்கும்.

இந்த ஒரு பழக்கம் வந்தாலே கீழே வரும் படிகளில் பாதி தானாக நடந்துவிடும். திரை சிறியதாக இருக்கிறது என்று இதைத் தவிர்ப்பவர்கள், ஆர்ட்போர்டு (கார்டின் அளவுள்ள வரைபரப்பு) மட்டும் தெரியும் அளவுக்கு இரண்டாவது ஜன்னலைச் சுருக்கி மூலையில் வைத்துக்கொள்ளலாம்.

4. முதலில் எலும்புக்கூடு: அவுட்லைன்

கண்ட்ரோல் + ஒய். நிறம் எல்லாம் போய்க் கோடுகள் மட்டும் நிற்கும். நிறம் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்வது ஏனென்றால், இங்கே கண்டுபிடிப்பதைத் திருத்தினால் வடிவமே மாறும்.

தேட வேண்டியவை: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை பேஸ்ட் ஆன வடிவங்கள், வெள்ளைக் கட்டத்தால் மூடி "அழித்த" பழைய எழுத்து, ஆர்ட்போர்டுக்கு வெளியே அநாதையாகக் கிடக்கும் புள்ளிகள். மூடி மறைத்த பழைய ஃபோன் நம்பர் பிடிஎஃப்பில் அப்படியே உள்ளே இருக்கும், தேடினால் கிடைக்கும். தனிப் புள்ளிகளோ, ஆர்ட்போர்டு அளவில் எடுக்காமல் ஏற்றுமதி செய்யும்போது படத்தைச் சுற்றி காரணமே தெரியாத வெற்றிடத்தைக் கொண்டுவரும். செலக்ட், ஆப்ஜெக்ட், ஸ்ட்ரே பாயிண்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள்.

5. கத்தி விழும் இடம்

வியூ மெனுவில் ட்ரிம் வியூ. கைடு, கிரிட், ஆர்ட்போர்டுக்கு வெளியே இருப்பது எல்லாம் மறைந்து வெட்டிய கார்டு மட்டும் தெரியும். இதில் இருந்தபடியே வேலையையும் தொடரலாம். ஷிப்ட் + எஃப் கொடுத்து வரும் பிரசன்டேஷன் மோடு வாடிக்கையாளருக்குக் காட்ட நல்லது, ஆனால் அதில் எதையும் திருத்த முடியாது.

ட்ரிம் வியூவில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பின்னணி நிறம் ப்ளீட் கோடு வரை போயிருந்தாலும், ஆர்ட்போர்டு விளிம்போடு நின்றிருந்தாலும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால் ட்ரிம் வியூவை ஒருமுறை அணைத்து, சிவப்பாகத் தெரியும் ப்ளீட் கோட்டைப் பின்னணி தொடுகிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். தொடவில்லை என்றால், கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று வரும்.

அதே நகர்வு உள்ளேயும் நடக்கும். எழுத்து எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் வர வேண்டாம். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் மறுத்துப் பாருங்கள். ட்ரிம் வியூவில் நான்கு பக்கமும் சமமாகத் தெரியும் அந்த பார்டர், வெட்டியபின் ஒரு பக்கம் தடியாகவும் எதிர்ப்பக்கம் ஒல்லியாகவும் நிற்கும்.

6. தமிழ் மேட்டர்

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். யூனிகோட் எழுத்தை ஒட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டம் தெரிந்தாலோ, கம்போசர் (எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் அமைப்பு) தவறு. பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். கொம்பைக் கையால் நகர்த்திச் சரிசெய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த திருத்தத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் மேட்டர் வந்தால் ஆபத்து வேறு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். டாக்குமென்ட் செட்டப்பில் ஹைலைட் சப்ஸ்டிட்யூட்டட் ஃபான்ட்ஸ் என்பதை இயக்கி வையுங்கள். மாற்று எழுத்துரு புகுந்த இடம் பின்னணி நிறத்தோடு தனித்துத் தெரியும்.

அப்புறம் புள்ளி. சிறிய அளவில், கனமான எழுத்துருவில், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். "க்", "ட்" இரண்டையும் உண்மை அளவில் பாருங்கள். ண, ஞ போன்றவற்றின் உள்வெளிகளும் அடைத்துக்கொள்ளும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் சுற்றியுள்ள மை உள்ளே பரவி மெல்லிய பகுதிகளைத் தின்னும். அதே எழுத்துருவில் ஒரு படி கனம் கூடியதை எடுத்து, எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

எழுத்தை அவுட்லைனாக (எழுத்தாகத் திருத்த முடியாத வெறும் வடிவமாக) மாற்றுவது இந்தப் படியில் வேண்டாம். எல்லாப் பிரிவியூவும் முடிந்த பிறகு, தனி நகலில் மட்டும் செய்யுங்கள்.

7. மை எப்படி விழும்: ஓவர்பிரிண்ட், செபரேஷன்ஸ்

ஆல்ட் + ஷிப்ட் + கண்ட்ரோல் + ஒய் அழுத்தினால் ஓவர்பிரிண்ட் பிரிவியூ. சாதாரணத் தோற்றத்தில் மேலே உள்ள நிறம் கீழே உள்ளதை மறைத்துவிட்டதாகத்தான் தெரியும். ஓவர்பிரிண்ட் என்று குறிக்கப்பட்ட வடிவம் அச்சில் கீழ்நிறத்தை வெட்டாது, அதன்மேல் சேர்ந்து விழும்.

கறுப்பு எழுத்துக்கு இது நல்லது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, ஓவர்பிரிண்ட் இல்லையென்றால் மஞ்சளில் எழுத்து வடிவில் ஓட்டை விழும். ரெஜிஸ்டர் (பிளேட்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) ஒரு மயிரிழை தவறினாலும் எழுத்தைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும்.

வெள்ளைக்கு இதுவே விஷம். வெள்ளை என்றால் மை இல்லை. மை இல்லாத ஒன்று கீழ்நிறத்தையும் வெட்டாவிட்டால், அச்சில் அது இல்லவே இல்லை. கறுப்பாக இருந்தபோது ஓவர்பிரிண்ட் கொடுத்த எழுத்தை, பின்னால் வடிவமைப்பு மாறி வெள்ளையாக்கும்போது இது நடக்கும். சாதாரணத் தோற்றத்தில் கடையின் பெயர் பளிச்சென்று இருக்கும், ஓவர்பிரிண்ட் பிரிவியூவில் காணாமல் போகும். ஆட்ரிபியூட்ஸ் பேனலில் ஓவர்பிரிண்ட் ஃபில் டிக்கை எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடும். டாக்குமென்ட் செட்டப்பில் டிஸ்கார்டு ஒயிட் ஓவர்பிரிண்ட் என்று ஒரு பாதுகாப்பும் உண்டு. இருந்தாலும் மூலத்தைத் திருத்துவதே மேல், ஏனென்றால் அந்த வடிவத்தை வேறு கோப்புக்கு எடுத்துப் போகும்போது பாதுகாப்பு கூடவே வராது.

அடுத்து விண்டோ, செபரேஷன்ஸ் பிரிவியூ. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துப் பார்க்கலாம். நான் முதலில் அணைப்பது கறுப்பை. முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் சுத்தமாக மறைய வேண்டும். பழுப்பு நிறத்தில் ஆவிபோல் மிச்சம் நின்றால், அந்த எழுத்து நான்கு மையிலும் இருக்கிறது என்று பொருள். வேர்டிலிருந்தோ ஆர்ஜிபி கோப்பிலிருந்தோ ஒட்டிய கறுப்பு இப்படித்தான் வரும். 6 பாயிண்ட் எழுத்தை நான்கு பிளேட்டும் ஒரே இடத்தில் அடிப்பது நடக்காத காரியம், நிழல் தட்டும். நிறத்தை கறுப்பு 100, மற்றவை 0 என்று மாற்றுங்கள்.

பெரிய கறுப்புப் பரப்புக்கு நேர்மாறு. அங்கே கறுப்பு மட்டும் போட்டால் வெளிறித் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது பலரும் பயன்படுத்தும் கலவை, மொத்தம் 240 சதவீதம். நான்கையும் 100 வைத்து 400 ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். மை காயாமல் அடுத்த கார்டின் முதுகில் ஒட்டும்.

பட்டியலில் நான்குக்கு மேல் ஐந்தாவதாக ஏதாவது பான்டோன் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள். யாரோ கொடுத்த லோகோவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஸ்பாட் கலர் (தனியாகக் கலந்து அடிக்கும் மை) அது. கேட்காத பிளேட் ஒன்று கூடுதலாக விழும். ஸ்வாட்ச்சை இருமுறை சொடுக்கி ப்ராசஸ் கலராக (நான்கு மையிலேயே அமையும் நிறமாக) மாற்றுங்கள்.

8. தாளில் நிறம்: ப்ரூஃப் கலர்ஸ்

வியூ, ப்ரூஃப் செட்டப், கஸ்டமைஸ். பளபளப்பான தாளுக்கு கோட்டட் ஃபோக்ரா39, பூச்சில்லாத தாளுக்கு அன்கோட்டட் ஃபோக்ரா29 என்ற இரண்டு புரொஃபைல்களும் (அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்புகள்) மென்பொருளோடே வருகின்றன. அச்சகம் வேறு புரொஃபைல் சொன்னால் அதையே எடுங்கள். பிரிசர்வ் நம்பர்ஸ் டிக் இருக்கட்டும், அப்போதுதான் உங்கள் இதே சதவீதங்கள் அந்தத் தாளில் எப்படி விழும் என்று தெரியும். சிமுலேட் பேப்பர் கலரையும் இயக்கினால் வெள்ளை மங்கி, மொத்தமும் உயிர் போனதுபோல் ஆகும். அதை இயக்கும் நொடியில் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டு அப்புறம் பாருங்கள். மாற்றம் நடப்பதைப் பார்த்தால் எல்லாமே மோசமாகத்தான் தோன்றும்.

விசிட்டிங் கார்டுகளைப் பலருடையதோடு சேர்த்து ஒரே தாளில் அடிப்பது வழக்கம். உங்கள் பச்சைக்காக மட்டும் மையைக் கூட்டிக் குறைக்க மாட்டார்கள். அதனால் ஐந்து சதவீத வித்தியாசத்தில் உயிர் வாழும் நிறங்களை நம்பாதீர்கள்.

9. திரைக்கான வடிவம்: பிக்சல் பிரிவியூ

வாட்ஸ்அப் படத்துக்குத் தனி ஆர்ஜிபி டாக்குமென்ட் திறந்து, ஆர்ட்போர்டைப் பிக்சல் கணக்கில் வையுங்கள், 640 × 640 என்று. கார்டு கோப்பிலேயே பிக்சல் பிரிவியூ பார்ப்பது பொதுவான தவறு. அது ஒரு பாயிண்ட்டை ஒரு பிக்சலாக எடுத்துக் காட்டும். கார்டில் லோகோ 50 பாயிண்ட் என்றால் 50 பிக்சல் லோகோவைத்தான் பார்க்கிறீர்கள்.

ஆல்ட் + கண்ட்ரோல் + ஒய் அழுத்திப் பெரிதாக்குங்கள். கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் இரண்டு வரிசைப் பிக்சலில் பாதிப்பாதியாக மங்கித் தெரிந்தால், அவை பிக்சல் கட்டத்தில் உட்காரவில்லை. ஒரு பிக்சல் கோட்டின் நடுவரி முழு எண்ணில் இருந்தால் நிறம் இரண்டு பக்கமும் பாதி பாதியாக வழியும். அரைப் பிக்சல் நகர்த்துங்கள், அல்லது மூடிய வடிவமாக இருந்தால் ஸ்ட்ரோக்கை (வெளிக்கோட்டை) உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

புரொஃபைல் படம் வட்டமாகத்தான் தெரியும். மேல் லேயரில் ஒரு வட்டம் வரைந்து பூட்டி வைத்து, மூலைகள் வெட்டுப்பட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுப்பதாக இருந்தால் ஒரு கறுப்புச் செவ்வகத்தை அடியில் போட்டும் பாருங்கள். டார்க் மோடில் அடர்பச்சை லோகோ என்ன ஆகும் என்று உடனே தெரியும்.

ஒட்டியிருக்கும் இரண்டு வடிவங்களுக்கு நடுவே மயிரிழை போல் வெளிச்சம் தெரிந்தால் ஜூம் செய்து பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெலிவாகவே இருந்தால் அது திரையின் விளிம்பு மென்மையாக்கம், அச்சில் பெரும்பாலும் வராது. பிஎன்ஜியில் மட்டும் அப்படியே பதியும். அடியில் உள்ள வடிவத்தை ஒரு பிக்சல் நீட்டி மேல்வடிவத்துக்குள் நுழைத்துவிடுங்கள்.

10. ஏற்றுமதி ஆன கோப்பைத் திறந்து பாருங்கள்

இதுவரை பார்த்தது எல்லாம் மென்பொருளின் கணிப்பு. அச்சகத்துக்குப் போவது கோப்பு.

பிடிஎஃப் எடுக்கும்போது மார்க்ஸ் அண்ட் ப்ளீட்ஸ் பக்கத்தில் டாக்குமென்ட்டின் ப்ளீட்டைப் பயன்படுத்தச் சொல்லும் டிக் முக்கியம். விட்டுவிட்டால் 5ஆம் படியில் பார்த்துப் பார்த்து வைத்த ப்ளீட் கோப்பில் இருக்காது.

எடுத்த பிடிஎஃப்பை இல்லஸ்ட்ரேட்டரிலேயே திறந்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்கள் நிறைய. பிரிசர்வ் இல்லஸ்ட்ரேட்டர் எடிட்டிங் டிக் இருந்தால் அந்தக் கோப்புக்குள் மூல வரைபடமும் தனியாக இருக்கும். இல்லஸ்ட்ரேட்டர் திறப்பது அதைத்தான். பிடிஎஃப் பக்கத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

அக்ரோபேட்டில் திறங்கள். ப்ரோ இருந்தால் அவுட்புட் பிரிவியூவில் பிளேட்களை மறுபடி அணைத்துப் பார்க்கலாம். இலவச ரீடராக இருந்தால் பிரிஃபரன்சஸ், பேஜ் டிஸ்ப்ளேயில் ஓவர்பிரிண்ட் பிரிவியூவை ஆல்வேஸ் என்று வையுங்கள். வாடிக்கையாளர் ஃபோனில் பார்க்கும்போது ஓவர்பிரிண்ட் தெரியாமல் போகலாம், அவர் "நல்லா இருக்கு" என்பதை நிறத்துக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப் போய், இல்லாத மங்கலுக்குப் புகார் வரும்.

கடைசியாக, எந்த பிரிண்டர் இருந்தாலும் சரி, 100 சதவீத அளவில் ஒரு தாளில் எடுத்து, வெட்டி, பர்ஸில் இருக்கும் வேறு கார்டுகளோடு வைத்துப் படியுங்கள். நிறத்தைப் பார்க்க வேண்டாம். எழுத்து அளவையும் ஓர இடைவெளியையும் இதைவிடச் சரியாகச் சொல்லும் பிரிவியூ கிடையாது.

11. திருத்தம் வந்தால் எங்கிருந்து மறுபடி

திருத்தம் வரும். ஃபோன் நம்பர் மட்டும் மாறினால் 6ஆம் படியும், கறுப்பு பிளேட்டை அணைக்கும் சோதனையும், 10ஆம் படியும் போதும். நிறம் மாறினால் 7இலிருந்து எல்லாம். கார்டு அளவோ தாளோ மாறினால் முதல் படியிலிருந்து. லோகோவில் கை வைத்தால் அச்சுக்கோப்பு, திரைக்கோப்பு இரண்டுக்கும் 4ஆம் படியிலிருந்து ஓட வேண்டும்.

அவுட்லைன் ஆக்கிய நகலில் திருத்தாதீர்கள். மூலக் கோப்பில் திருத்தி, புது நகல் எடுத்து, பழைய பிடிஎஃப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அனுப்புங்கள். கோப்புப் பெயரில் தேதி இருக்கட்டும். "ஃபைனல்", "ஃபைனல் நியூ" என்று இரண்டு கோப்பு போனால், அச்சகத்தில் எதைத் திறப்பார்கள் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.